பூட்டுச் சின்னம் எதைக் காட்டுகிறது?

வளைகுடா நாடுகளில் லாரி ஓட்ட ஆட்கள் தேவை என ஓர் இணையதளம் அறிவிக்கிறது. முகவரிக்கு அருகில் சிறு பூட்டுச் சின்னமும் தெரிகிறது. ஆகவே அத்தளம் நம்பத்தக்கது எனக் கொள்ளலாமா?

கொள்ளலாகாது. நாம் அனுப்பும் செய்தி, வழியில் பிறர் படிக்க இயலாதவாறு மறைகுறியாக மாறிச் செல்கிறது என்பதே அதன் பொருள். அரக்கு முத்திரையிட்ட உறையை இடையில் எவரும் பிரிக்கவில்லை, சரி, பெறுபவரே திருடராயிருந்தால்? மோசடித் தளமும் இப்பூட்டைச் செலவின்றிப் பெறலாம். மக்கள் இதைத் தவறாக நம்புவதால்தான் கூகுள் குரோம் 2023இல் பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

பின் எதைப் பார்ப்பது? முகவரியைத்தான். லாரியின் நெற்றியில் எப்பெயரும் எழுதலாம். உரிமையாளரைக் காட்டுவது பதிவெண் அன்றோ! இணைய முகவரியில் அப்பதிவெண் இருப்பது தளப்பெயரின் கடைசியில், அதாவது அதையடுத்து வரும் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால். அங்கே 'கவ்.இன்' என முடிந்தால் தளம் அரசைச் சார்ந்தது. 'கவ்.இன்' என்பதற்குப் பின்னும் புள்ளியிட்டு 'காம்' என நீளுமாயின் அது வேறு எவருடையதோ!

இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளம் 'கவ்.இன்' என்றே முடிகிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற வேலை முகவர்களின் பட்டியல் அதில் உண்டு. பணம் கட்டுமுன் முகவரின் பெயரை அங்கே தேடுங்கள்; பதிவு நடப்பில் உள்ளதா, காலாவதியானதா என்பதும் தெரியும்.