அந்தமான் போகிறீர்களா?

பூஜை விடுமுறை நெருங்கிவிட்டால், நம் சங்க நூலகத்துக்குப் புத்தகம் மாற்ற வருகிறவர்கள் புத்தகத்தைவிட ஊர்ப் பயணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். பூரியும் டார்ஜிலிங்கும் அலுத்துப் போனவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது அந்தமான். நான் இரண்டு தடவை போய்வந்தவன் என்பது எப்படியோ பரவிவிட்டது. "எந்த ஓட்டல், எத்தனை நாள், எவ்வளவு ஆகும்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்றார் நம் செயலாளர்.

கேட்கிற மூன்று கேள்விகளும் நியாயமானவைதான். ஆனால் அந்தமானுக்குத் திட்டம் போடுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு நீங்கள் எங்கே படுத்திருப்பீர்கள்? "போர்ட் பிளேரில்" என்பது பதில் இல்லையென்றால் திட்டத்தை மாற்றுங்கள். இதை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு வற்புறுத்திச் சொல்லமாட்டேன்.

2019 நவம்பர் முதல் வாரம். ஐப்பசியில் கும்பகோணத்தில் என் அண்ணாவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி. எப்படியும் தெற்கே போகத்தானே வேண்டும், கொல்கத்தாவிலிருந்து அந்தமான், அங்கிருந்து சென்னை, அப்புறம் ரயிலில் கும்பகோணம் என்று போனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். டூர் ஏஜெண்ட் கொடுத்த திட்டத்தில் கடைசி இரவு நீல் தீவில். காலையில் படகு, பகல் இரண்டரை மணிக்குப் போர்ட் பிளேரில் விமானம். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முந்தின நாள் மாலையே காற்று திரும்பிவிட்டது. இரவெல்லாம் மழை. காலையில் மூட்டையோடு ஜெட்டிக்குப் போனால், இன்று படகு கிடையாது என்றார்கள். நாளைக்கு? அதை நாளைக்குத்தான் சொல்வோம் என்றார்கள். இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் படகு கிடைத்து, புது விமான டிக்கெட்டை இரட்டிப்பு விலைக்கு வாங்கி, கும்பகோணம் வீட்டு வாசலில் இறங்கியபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "நமஸ்காரம் பண்ணவாவது வந்தேளே" என்றாள் மன்னி. அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவருக்கு நான் ஒரே தம்பி.

ஏஜெண்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. திட்டத்தைப் பார்த்துத் தலையாட்டியது நான்தான்.

அந்தமானின் அமைப்பு புரிந்தால் இந்தத் தவறு நேராது. விமானம் இறங்கும் போர்ட் பிளேர் தெற்கு அந்தமான் தீவில் இருக்கிறது. நாம் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற வெண்மணல் கரைகளும் ரிசார்ட்டுகளும் பெரும்பாலும் ஹாவ்லாக், நீல் என்ற வேறு இரண்டு தீவுகளில். இரண்டும் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, சுமார் 40 கிலோமீட்டர் கடல் தூரத்தில். பாலம் கிடையாது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் இருக்கைகள் சில. அதை நம்பித் திட்டம் போடமுடியாது. ஆக, படகுதான். தனியார் விரைவுப் படகில் ஹாவ்லாக் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம். தனியார் படகு ஏ.சி. போட்ட மூடிய கூடம். அரசுக் கப்பலில் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். தலைசுற்றல்காரர்களுக்கு எனக்குத் தெரிந்து அதுதான் நல்லது. மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரைமணி முன்பே போடவேண்டும். அலையில் ஆட ஆரம்பித்தபின் போட்டால் அது உள்ளே தங்காது!

கடல் கொந்தளித்தால் இந்தப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதுதான் சரி. 2016 டிசம்பரில் புயல் சின்னம் உருவானபோது ஹாவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை மீட்டு வந்தன. படகு ரத்தானால் படகு டிக்கெட்டின் பணம் திரும்பி வரும். விமானக் கம்பெனிக்கோ உங்கள் படகைப் பற்றிக் கவலை இல்லை. படகுகள் மறுபடி ஓடத் தொடங்கும் நாளில் தேங்கிப்போன கூட்டம் முழுவதும் ஜெட்டியில் நிற்கும். அரசுக் கப்பலில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நமக்கு உல்லாசப் பயணம், அவர்களுக்கு அது டவுன் பஸ்.

பெயர்களில் ஒரு குழப்பம் வரும். 2018 டிசம்பர் 30 அன்று ஹாவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீலுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டு அது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் ஒரு பெயர் என்றால் பதற வேண்டாம். நீல் தீவுக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படுகிற கர்னல் நீல், 1857 கலகத்தைக் கொடூரமாக அடக்கியவர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடந்து, 1937இல் ராஜாஜி மந்திரி சபை வந்தபின்தான் அகற்றினார்கள். சிலை போய் எண்பது வருடம் கழித்துத் தீவின் பெயரும் போயிற்று.

எந்த மாதம் போகலாம்? ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை கடல் பெரும்பாலும் அமைதி. மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே அங்கே வந்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலம். நமக்குப் பூஜை விடுமுறை விழுவது இதில்தான் என்பது கஷ்டம். பூஜைக்குத்தான் போகமுடியும் என்கிறவர்கள் போகலாம், பல வருடம் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கடைசியில் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: இங்கிருந்து 1,255 கிலோமீட்டர், மூன்று நான்கு நாள் பிடிக்கும். லீவு எண்ணி எடுக்கிறவர்களுக்கு அது சரிப்படாது.

இனி ரிசார்ட். விளம்பரத்தில் அறை வாசலிலேயே நீலக் கடல் அலையடிக்கும். அது ஏற்றத்தின்போது எடுத்த படம். ஹாவ்லாக்கில் கரைகளுக்கு எண்தான் பெயர். தங்கும் விடுதிகள் அதிகமாக இருக்கிற 3, 5 எண் கரைகள் தீவின் கிழக்குப் பக்கம். அங்கே கடல் வற்றினால் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும். மிச்சம் பாறையும் செத்த பவளமும் சேறும்தான். வெறுங்காலோடு போனால் கிழியும். கங்கைக் கரையில் ஜோவார், பாட்டா பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல, ஆனால் ஓட்டலுக்குப் பணம் கட்டும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. குளிக்கத் தகுந்தது மேற்குப் பக்கத்து 7ஆம் எண் கரை, அதாவது ராதாநகர். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். ஆகவே கிழக்குப் பக்கம் நல்ல வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டு, குளிக்க ஆட்டோவில் ராதாநகர் போவது புத்திசாலித்தனம். "கடலைப் பார்த்த அறை" என்பதற்காக இரு மடங்கு கொடுக்குமுன், நீங்கள் தங்கும் நாட்களில் கடல் எப்போது வற்றும் என்று போன் செய்து கேளுங்கள்.

நீல் தீவில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். லக்ஷ்மண்பூர் பக்கத்தில் கடலே குடைந்த கல் வளைவு ஒன்று இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டுமே அதற்கு நடந்து போகமுடியும். பரத்பூர் கரையில் கண்ணாடி அடித்தளப் படகுகள் நேர்மாறு, தண்ணீர் ஏறினால்தான் ஓடும். வற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாக வற்றும். போகும் முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தேன். வழுக்கும் பாறை என்பதால் வயதானவர்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், அங்கேயும் நம் கடிகாரம்தான், ஆனால் ஊர் நமக்கும் கிழக்கே. மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். "மத்தியானம் தூங்கி எழுந்து பீச்சுக்குப் போகலாம்" என்கிற சென்னைப் பழக்கம் அங்கே செல்லாது. காலை ஆறு மணிக்குள் கரையில் இருந்தால் பாதி நாள் லாபம்.

ஆழ்கடல் முழுக்கு போடுகிற இளைஞர்களுக்கு: காற்று உருளையோடு முழுகியபின் உடனே விமானம் ஏறக்கூடாது. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே போனதும் குமிழியாகிவிடும் அபாயம் உண்டு. ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். கடைசி நாளைப் போர்ட் பிளேரில் வைக்க இது இன்னொரு காரணம். கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை மதியுங்கள். அந்தமானில் கடல்நீரில் வாழும் முதலைகள் உண்டு. 2010 ஏப்ரலில் ராதாநகருக்கு அருகே ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார். பாதுகாவலர் நிற்கும் இடத்தில், பகல் வெளிச்சத்தில் குளித்தால் போதும். சிப்பி, பவளம் எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலையத்தில் சோதனை உண்டு.

பாராதங் குகைக்கு ஜாரவா மக்களின் காட்டுச் சாலை வழியே வரிசையாக வண்டிகள் போகும். அவர்களைப் படமெடுப்பது குற்றம். படமெடுக்காவிட்டாலும், மனிதர்களை வேடிக்கை பார்க்கப் போகிற பயணத்தில் எனக்கு விருப்பமில்லை, நாங்கள் போகவில்லை.

போர்ட் பிளேர், ஹாவ்லாக், நீல் மூன்றுக்கும் இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி போட்டபின் போன், இன்டர்நெட் பரவாயில்லை. இருந்தாலும் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.சி.யில் அந்தமானுக்கு விமானச் சலுகை தரும் ஆணையைக் கெடு வைத்து வைத்து நீட்டித்து வந்திருக்கிறார்கள். அரசு ஊழியர்கள் ஆபீசில் கேட்டுக்கொண்டு டிக்கெட் வாங்கவும். மொழிக் கவலை வேண்டாம். ஹாவ்லாக், நீல் கிராமங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நம் அரைகுறை வங்காளிக்கு அங்கே ஏக மரியாதை. போர்ட் பிளேர் சந்தையிலோ தாராளமாகத் தமிழ் கேட்கும். சைவச் சாப்பாடு எங்கும் கிடைத்தது.

2023 பிப்ரவரியில் மறுபடி போனோம். இந்தத் தடவை திரும்பும் விமானத்தை முதலில் எழுதிக்கொண்டு பின்னோக்கிப் போட்டேன். கடைசி இரவு போர்ட் பிளேர், அதற்கு முன் நீலில் இரண்டு, அதற்கு முன் ஹாவ்லாக்கில் இரண்டு, வந்திறங்கும் இரவு போர்ட் பிளேர். மொத்தம் ஆறு இரவு. எல்லாப் படகும் நேரத்துக்கு வந்தது. கடல் தாம்பாளம் மாதிரி இருந்தது. "வீணா ஒரு நாள் போச்சு, இன்னொரு நாள் நீல்லயே இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

அந்த வீணான நாளில் செல்லுலார் சிறைக்குப் போனோம். முதல் தடவை அவசரத்தில் வாசலோடு திரும்பியிருந்தோம். 1906இல் கட்டி முடித்தபோது ஏழு கிளைகள். இன்று மூன்றுதான் மிச்சம். ஒரு கிளையின் அறைக் கதவுகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்திருக்கும், கைதிக்குக் கைதி முகம் தெரியாது. ஒரு அறைக்குள் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்த மனைவி அதன்பின் நீல் பேச்சை எடுக்கவில்லை. மேல்தளத்துக்கு ஏறினால் எதிரே கடல். பிற்பகல் கொஞ்சம் காற்று எழும்பியிருந்தது. தூரத்தில் ஒரு படகு ஆடிக்கொண்டே துறைமுகத்தை நோக்கி வந்தது.

அங்கிருந்தே அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"இப்போ எந்தத் தீவுலடா இருக்கே?" என்று கேட்டார்.

"போர்ட் பிளேர்லதான் அண்ணா. நாளைக்குத்தான் பிளைட்" என்றேன்.