வெள்ளம் வந்தால் உங்கள் பைல்கள் எங்கே இருக்கும்?

2023 டிசம்பர் 17ஆம் தேதி பிடித்த மழையை நெல்லைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. மறுநாள் தாமிரபரணி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்தில் இருக்கும் எனக்கு, அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் மேலே ஏற்றத்தான் நேரம் இருந்தது. மேஜைக்கு அடியில் இருந்த சிபியு முழுவதும் மூழ்கியது.

"பேக்கப் எடுக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் வாராவாரம் எடுத்தேன். அந்த டிஸ்கை வைத்திருந்தது அதே மேஜையின் கீழ் டிராயரில்! மறைந்த அப்பாவின் குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. மதுரையில் இருக்கும் அக்காவின் பழைய செல்போனில் ஒரே ஒரு பதிவு கிடைத்தது. அப்பா பால் கணக்குப் பேசுகிறார். அதுவாவது மிஞ்சியது.

உ.வே.சா. ஏடு தேடி நெல்லைச் சீமையில் அலைந்தபோது, கரிவலம்வந்தநல்லூர் கோவிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். வேறு ஊர்களில் பிரதி இருந்த நூல்கள்தான் அச்சேறின. கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குதான். மூன்று பிரதிகள், இரண்டு வகை மீடியா, ஒன்று வெளியூரில். இதை 3-2-1 முறை என்பார்கள்.

முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் அல்ல. டவுன்லோடு செய்த சினிமா போனால் போகட்டும். பத்திரங்களின் ஸ்கேன், குடும்பப் படங்கள், குரல் பதிவுகள் ஆகியவற்றை ஒரே போல்டரில் சேருங்கள். பைல் பெயரில் வருடத்தையும் விசேஷத்தையும் எழுதுங்கள். ஒரு பிரதி கம்ப்யூட்டரில் இருக்கட்டும். ஒன்றை கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதை ஹார்ட் டிஸ்கில் எடுத்து வெளியூருக்கு அனுப்பிவிடுங்கள். பென் டிரைவை நம்பி வருடக்கணக்கில் டிராயரில் போட்டு வைக்காதீர்கள்.

தமிழில் டைப் செய்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நான் 2001இல் டேப் எழுத்துருவில் அடித்த கடிதங்களை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் ஏதோ குறியீடுகளாகத் தெரிகின்றன. பைல் கெடவில்லை, படிக்கத்தான் முடியவில்லை. எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் இவற்றை யுனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். பழைய பைலையும் அழிக்க வேண்டாம். மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும்.

இப்போது என்னிடம் இரண்டு டிஸ்க்குகள். ஆனித் தேரோட்டத்துக்கு அக்கா வரும்போது ஒன்றைக் கொண்டு வருவாள். அதிலிருந்து நாலைந்து பைல்களைத் திறந்து பார்த்துவிட்டு, புதிதாக நிரப்பிய மற்றதைக் கொடுத்தனுப்புவேன், அல்வா பொட்டலத்தோடு.