ஜீப்புக்கு டீசல் என்ஜினா? கொஞ்சம் பொறுங்க!

பழங்காநத்தம் வீட்டு வாசலில் பழைய வில்லிஸ் ஜீப்பைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்களா? "பெட்ரோல் கட்டுப்படியாகாதுண்ணே, டீசல் என்ஜினைத் தூக்கி வச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்!

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப்பதிவுக்கு ரூ.20 ஆயிரம் கட்டணம். 10 ஆண்டு செல்லும். நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அந்த 60 குதிரைசக்தி பெட்ரோல் என்ஜின் போனால் 'விண்டேஜ்' அந்தஸ்தும் போச்சு!

இன்னொரு சிக்கல். இந்த நம்பரில் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, கார் பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது... அவ்வளவுதான்.

முன் கிரில்லில் 9 துவாரம் இருந்தால் இரண்டாம் உலகப்போர் ஜீப். போல்ட் தலையில் ஆங்கில 'எப்' தெரிந்தால் அது போர்டு கம்பெனி சரக்கு. துருப்பிடித்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!