புதைந்து நிற்கும் நங்கூரம்

பாய்மரப் படகை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது நங்கூரத்தின் எடைதான் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், பத்து டன் எடையுள்ள 12 மீட்டர் நீளப் படகு சுமந்து செல்லும் நங்கூரம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ அளவே இருக்கும் என்பதை நோக்கினால், அந்தப் பிடிப்பு எடையிலிருந்து மட்டும் வருவதன்று என்பது விளங்கும். மண்ணைக் குத்தி நுழையும் தகடான அலகு கடல்தரைக்குள் புதைந்து, தனக்கு முன்னுள்ள மண்ணின் எதிர்ப்பைப் பற்றிக்கொள்வதாலேயே நங்கூரம் நிற்கிறது.

திரவ இயக்கவியலில் பெரும் பெயர் பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் 1933இல் கலப்பை வடிவ நங்கூரத்துக்குக் காப்புரிமை பெற்றது இந்த உண்மையை உணர்ந்ததால்தான். கனத்த பழைய நங்கூரங்களைவிட, தன் எடைக்கு அது பன்மடங்கு பிடித்து நின்றது. 1990களில் பிரான்சில் உருவான ஸ்பேட், பின்னர் நியூசிலாந்தில் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ரோக்னா ஆகியவை குழிந்த அலகும் கூரிய முனையும் உடையவை. காற்றின் திசை மாறிப் படகு மறுபக்கம் திரும்பும்போது விரைவாக மீண்டும் புதைந்துகொள்வதால், நெடும்பயணம் செல்வோர்க்கு இவையே ஏற்றவை.

ஆயினும், எவ்வளவு நல்ல நங்கூரமும் மேல்நோக்கி இழுக்கப்பட்டால் பெயர்ந்துவிடும். இழுவிசை தரையோடு தரையாக அமைய வேண்டுமானால் சங்கிலியைத் தாராளமாக விட வேண்டும். முழுச் சங்கிலியானால் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கும், பெரும்பகுதி கயிறானால் ஏழு மடங்கும் விடுவது நெடுநாளைய வழக்கு. இங்கே ஆழம் என்பது ஆழமானி காட்டும் எண் மட்டுமன்று: நீர் 5 மீட்டர், படகின் முன்பகுதியான அணியம் நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர், இரவில் ஏறவிருக்கும் ஓதம் 2 மீட்டர் என்றால், கணக்குக்குரிய ஆழம் 8 மீட்டர், விட வேண்டிய சங்கிலி 40 மீட்டர். ஆழமானியை மட்டும் நம்பி 25 மீட்டர் விட்டவரின் படகு, ஓதம் உச்சத்தை எட்டும்போது மூன்று மடங்குச் சங்கிலியில்தான் நிற்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கணக்கில் சிக்கனம் பிடிப்பது எத்துணை ஆபத்தானது என்பது தெளிவாகும்.

நங்கூரத்தைச் சங்கிலியோடு ஒரே குவியலாகக் கொட்டிவிடாமல், படகு பின்னோக்கி நகர நகரச் சங்கிலியைத் தரையில் நீளவாக்கில் கிடத்த வேண்டும்; பின்னர் என்ஜினைப் பின்னோக்கி மெதுவாக இயக்கி, விசையைப் படிப்படியாகக் கூட்டி, கரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் தெரியும் இரு பொருள்கள், ஒரு மரமும் அதன் பின்னுள்ள வீடும் போன்றவை, விலகாமல் இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். சங்கிலியின் மேல் கைவைத்தால், புதைந்த நங்கூரம் விறைப்பாக மட்டுமே உணரப்படும். இழுபடும் நங்கூரமோ அதிர்வாகவும் உதறலாகவும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தரையின் இயல்பும் தேர்ந்து பார்க்கத்தக்கது. மணலும் களிமண்ணும் நன்கு பிடிக்கும். பாறையில் நங்கூரம் வழுக்கலாம், அல்லது மீட்க முடியாமல் சிக்கலாம். மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்னும் கடற்புல், வேர்ப்பின்னலால் அலகைப் புகவிடாது. அதைப் பெயர்த்தால் மீண்டும் வளர நெடுங்காலம் ஆகும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் அப்புல்வெளிகளின்மேல் நங்கூரமிடுவது 2018ஆம் ஆண்டு ஆணையால் தடுக்கப்பட்டிருப்பதால், அங்குச் செல்லும் படகோட்டிகள் தெளிந்த நீரினூடே வெளிர்நிறமாகத் தெரியும் மணல் திட்டுகளைத் தேடியே நங்கூரம் இறக்குகின்றனர்.