குற்றாலத்துத் தண்ணியும் மன்னார் வளைகுடாத் தீவுகளும்

அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடக் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் உத்தரவு வாங்கியாச்சு. "ஓடுற தண்ணிதானே, என்ன ஆயிரும்?" என்று சீசனுக்கு வர்ற சொந்தக்காரங்க இன்னும் கேட்கிறாங்க. ஓடி எங்கே போகுது? சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகுது. அந்தக் கடல்தான் மன்னார் வளைகுடா. (நம்ம ஊர் சோப்பு நுரைதான் அதைக் கெடுக்குதுன்னு சொல்ல வரலை. நான் யோசிக்கிறது கூட்டத்தைப் பற்றி.)

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 சின்னத் தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை, கடல்பசு மேயும் கடல்புல். 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனாலும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. பல காலமாகச் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது ஒரு பெரிய காரணம். அலையின் வேகத்தை உடைப்பது பாறை. அது போனால் மணல் கரையும். வான்தீவு 1986ல் சுமார் 16 ஹெக்டேர். 2014ல் சுமார் 2 ஹெக்டேர். அதற்கப்புறம்தான் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குச் சுற்றுலா விடலாமா? குற்றாலத்து முறையில் என்றால் வேண்டவே வேண்டாம். இங்கே வெள்ளம் வந்தால்தான் தடை. மற்ற நாளில் எத்தனை பேர் என்று கணக்கே கிடையாது. அருவிப்பாறை அதைத் தாங்கும். மணல்தீவு தாங்காது. மணலைப் பிடித்து வைத்திருப்பதே அடம்புக்கொடி மாதிரிச் செடிகள்தான். ஆயிரம் கால் மிதித்தால் போச்சு. நங்கூரம் பட்டால் பவளம் உடையும். ஆழமில்லாத இடத்தில் மோட்டார் படகின் விசிறி கடல்புல்லை அறுக்கும்.

அதனால் ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையில் விடுற கண்ணாடித்தளப் படகு மாதிரி, தீவில் இறங்காமலே பார்ப்பது எனக்குச் சரியாகப் படுது. அதிலும் ஒரு நாளைக்கு இத்தனை படகுதான் என்று உறுதியாக இருக்கணும். நங்கூரத்துக்குப் பதிலா நிலையான மிதவையில் கட்டணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தலைமுறையா இந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்த பெண்களுக்கு, பூங்கா வந்தபின் அங்கே போகத் தடை. டிக்கெட் வாங்கினவருக்கு மட்டும் வழி திறந்தால் அவங்க சும்மா இருப்பாங்களா? படகு வேலையும் வழிகாட்டி வேலையும் முதலில் அவங்க வீடுகளுக்குப் போகணும். எந்தப் பாறை எங்கே இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.