ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்குமா?

பொகவந்தலாவை வழியாக ஓடும் கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அந்தத் தண்ணீர்தான் 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்குகிறது. மின்சாரம் இத்தனை பக்கத்தில் பிறந்தும், 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடெங்கும் கரண்ட் போனபோது மலையகமும் தப்பவில்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதே காரணம் என்றார் துறை அமைச்சர். குரங்கைப் பற்றி ஊரே பேசியது. ஓரிடத்துக் கோளாறை மற்ற இடங்கள் ஏன் தாங்கவில்லை என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை. அன்று விடுமுறை, மின்தேவை குறைவு. வெயிலில் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்தது. அதிர்ச்சியை உள்வாங்கும் கனத்த சுழல் இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன.

நம் பிள்ளைகளின் பரீட்சை முடிவும், அரச அலுவலகங்களின் மின்னஞ்சலும் இன்று தங்கியிருக்கும் சேவையகங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இரண்டு சேவையகங்கள் இருக்கின்றன, ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும் என்பார்கள். இரண்டும் 70 சதவீதச் சுமையில் ஓடினால், ஒன்று விழுந்ததும் மற்றதன் தலையில் 140 சதவீதம் ஏறும். அதுவும் விழும். ஒவ்வொன்றின் சுமையும் 50க்கு மேல் ஏறக்கூடாது. மூன்றாக வைத்து 60இல் ஓட்டினால், ஒன்று போனாலும் மற்ற இரண்டும் 90இல் நிற்கும். இந்தக் கணக்கைச் சாதாரண நாளை வைத்துப் போடக்கூடாது. சாதாரண தர முடிவு வெளியாகும் இரவை வைத்துப் போட வேண்டும். அன்று டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் பிள்ளை சுட்டெண்ணை அடிக்கிறது. பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மறுபடி அடிக்கிறது, மறுபடியும் அடிக்கிறது. நாடு முழுக்க எல்லாரும் அப்படியே செய்ய, திணறும் சேவையகத்துக்குச் சுமை பல மடங்காகிறது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வந்தவர்களை வரிசைப்படுத்தி, மாறாத பக்கங்களைப் பல இடங்களில் முன்கூட்டியே பிரதியெடுத்து வைப்பது திட்டமிடுபவரின் வேலை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது. 2023இல் நம் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையான லங்கா கவர்மென்ட் கிளவுட்டைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. காப்புப் பிரதிகளும் அந்தத் தாக்குதலிலேயே சிக்கிக்கொண்டன. அந்த மாதங்களுக்குத் தனியாக விலக்கி வைத்த பிரதி இல்லை. பணக்கார நாடுகளும் இதில் தவறுகின்றன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகர அரச தரவு மையம் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் சேமித்திருந்த 858 டெராபைட் கோப்புகள் வேறெங்கும் பிரதி இல்லாததால் அழிந்துபோயின.

மலையகத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது: வழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது பாதை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் ஒன்றாக அறுந்தன. ஒரே பாதையோரமாக இரண்டு கம்பனிகளின் ஃபைபர் கம்பிகள் போனால் கணக்கில் அவை இரண்டு, மண்சரிவுக்கு ஒன்றுதான். பொகவந்தலாவைக்கு நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு ஒரு தொடுப்பு, பலாங்கொடைப் பக்கம் இறங்கும் இன்னொரு தொடுப்பு என்று இருந்தால்தான் அது மாற்றுவழி. கைப்பேசி டவர்களின் பெட்டரியும் அப்படித்தான். பாதை திறந்து டீசல் வந்துசேரும் நாள்வரை தாங்குமா என்று பார்த்தே அளவு போட வேண்டும். செலவு கூடும், உண்மைதான். ஆனால் மண்சரிவில் அகப்பட்ட லயத்துக்கு உதவி கேட்க மிஞ்சுவது ஒரு கைப்பேசி அழைப்பு.

அரச சேவைகளை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பரீட்சை முடிவுக்கு முன் ஒரு நாள், அறிவித்துவிட்டே, ஒரு சேவையகத்தை நிறுத்திப் பாருங்கள். காப்புப் பிரதியிலிருந்து உண்மையாகவே மீட்டெடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது, என்ன திரும்பி வரவில்லை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள்.