பேட்டரி பைக் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? எக்ஸெல்லில் கணக்குப் போடுவோம்!

சென்ற மாதம் சித்தப்பா மகன் போன் செய்தான். திண்டிவனத்தில் வீடு, புதுச்சேரிக்கு வெளியே ஒரு கம்பெனியில் வேலை. தினமும் போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். "அண்ணா, புதுசா ஒரு எலெக்ட்ரிக் பைக் வருது. 130 கிலோமீட்டர் போகும்னு போட்டிருக்காங்க. எனக்கு 80 தானே? புக் பண்ணிடவா?" என்றான். லோனுக்குக்கூட விண்ணப்பித்து விட்டானாம். "ரெண்டு நாள் பொறுடா" என்று சொல்லிவிட்டு எக்ஸெல்லைத் திறந்தேன்.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல்லை எதற்குப் பயன்படுத்துவது என்று பலர் கேட்பீர்கள். இதோ, இதற்குத்தான்!

முதலில் உங்கள் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி லேபிளில் வோல்ட், மில்லி ஆம்பியர் ஹவர் என்று இரண்டு எண்கள் இருக்கும். 14.8 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர் ஹவர் என்று வைத்துக் கொள்வோம். 4400 மில்லி என்றால் 4.4 ஆம்பியர் ஹவர். 14.8 ஐ 4.4 ஆல் பெருக்கினால் சுமார் 65 வாட் ஹவர். பேட்டரிக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைச் சொல்வது இந்த எண் மட்டும்தான். பவர் பேங்க் பெட்டியில் 20000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அதன் உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட் 3.7 தான். எனவே 74 வாட் ஹவர். லேப்டாப் பேட்டரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

பைக்கிற்கும் இதே கணக்குதான். 1000 வாட் ஹவர் சேர்ந்தால் ஒரு கிலோவாட் ஹவர். நம் வீட்டு கரண்ட் பில்லில் வரும் 'ஒரு யூனிட்' இதுவே.

தம்பி அனுப்பிய விளம்பரத்தில் 72 வோல்ட், 130 கிலோமீட்டர், 4 மணி நேரத்தில் சார்ஜ் என்று மூன்று விவரங்கள்தான் இருந்தன. ஆம்பியர் ஹவர் இல்லை. அப்படியானால் பேட்டரி அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்கெனவே விற்பனைக்கு வந்த பைக்குகளை அளவுகோலாக எடுத்துக் கொள்ளலாம்.

2019 ல் அறிமுகமான ரிவோல்ட் ஆர்வி400 பைக்கின் பேட்டரி 72 வோல்ட், 3.24 கிலோவாட் ஹவர். நிறுவனம் தந்த கணக்குப்படி ஈகோ மோடில் 150, நார்மலில் 100, ஸ்போர்ட்டில் 80 கிலோமீட்டர். 3240 ஐ இவற்றால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு முறையே 21.6, 32.4, 40.5 வாட் ஹவர் வருகிறது. ஒரே பைக், ஒரே பேட்டரி, ஆனால் செலவு இரண்டு மடங்கு! காரணம் வேகம். ஈகோவில் உச்ச வேகம் 45, நார்மலில் 65, ஸ்போர்ட்டில் 85. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45 லிருந்து 65 க்குப் போனாலே காற்றுக்காக மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். டயர் உராய்வு அப்படி ஏறாததால்தான் மொத்தச் செலவு அந்த அளவுக்கு எகிறவில்லை.

விளம்பரத்தில் போடும் தூரம் எப்போதும் நிதானமான ஓட்டத்தின் தூரம்தான். எனவே 130 ஐ 22 ஆல் பெருக்கினேன். 2860 வாட் ஹவர். உத்தேசமாக 2.9 யூனிட். பெரிய, வேகமான பைக்குகளுக்கு 22 பொருந்தாது. 2024 ல் வந்த அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2 பைக்கின் பெரிய பேட்டரி 10.3 கிலோவாட் ஹவர், சோதனைத் தூரம் 323 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், சோதனையிலேயே 32 வருகிறது.

சனிக்கிழமை இருவரும் ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் தம்பிக்கு ஆம்பியர் ஹவர் எவ்வளவு என்று தெரியவில்லை, பாவம். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் லேபிளில் 72 வோல்ட், 40 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் 2880. என் உத்தேசம் 20 வாட் ஹவர்தான் பிசகியிருந்தது. (இவ்வளவு நெருக்கமாக வந்தது அதிர்ஷ்டம், திறமை அல்ல!)

இங்கே ஒரு எச்சரிக்கை. 72 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 84 வோல்ட் காட்டும். அந்த 84 ஐ வைத்துப் பெருக்கினால் அதே பேட்டரி 3360 ஆகிவிடும். அமெரிக்காவின் ஜீரோ நிறுவனம் எஸ்ஆர்/எஃப் பைக்கை 2019 ல் கொண்டு வந்தபோது உச்ச அளவு 14.4, சாதாரண அளவு 12.6 என்று இரண்டையும் வெளிப்படையாகவே போட்டது. எல்லோரும் அப்படிப் போடுவதில்லை. எந்த வோல்ட் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

டெஸ்ட் ரைடில் தம்பி வழக்கமாக நெடுஞ்சாலையில் போகும் வேகத்திலேயே 12 கிலோமீட்டர் ஓட்டினான். கிளம்பும்போது 86 சதவீதம், திரும்பியபோது 69. குறைந்தது 17 சதவீதம், அதாவது 490 வாட் ஹவர். கிலோமீட்டருக்கு 41.

இப்போது எக்ஸெல். முதல் கட்டத்தில் 72, அதன் கீழே 40, அதன் கீழே 0.9, அதன் கீழே 41 என்று டைப் செய்யுங்கள். அந்த 0.9 எதற்கு? பேட்டரியை ஒரேயடியாகக் காலி செய்துவிட்டு நடுரோட்டில் நிற்க முடியாது அல்லவா? 10 சதவீதத்தை நான் ஒதுக்கி விடுவேன். ஐந்தாவது கட்டத்தில் ஈக்வல் அடையாளம் போட்டு, முதல் கட்டத்தைக் க்ளிக் செய்து, நட்சத்திரக் குறி போட்டு, இரண்டாவதைக் க்ளிக் செய்து, மீண்டும் நட்சத்திரம், மூன்றாவது, பிறகு சாய்வுக் கோடு, நான்காவது. என்டர் தட்டுங்கள். 63 கிலோமீட்டர்!

தம்பியின் முகம் வாடிவிட்டது. 130 எங்கே, 63 எங்கே? 80 கிலோமீட்டர் ஓட்டினால் திண்டிவனத்துக்கு 17 கிலோமீட்டர் முன்பே அந்தக் கடைசி 10 சதவீதத்தைத் தொட்டுவிடுவான்.

சார்ஜருக்கு வருவோம். அதன் லேபிளில் 84 வோல்ட், 10 ஆம்பியர். 40 ஆம்பியர் ஹவரை 10 ஆல் வகுத்தால் 4 மணி. விளம்பரம் சொன்ன 4 மணி நேரம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் செல்போனைக் கவனித்திருப்பீர்களே? முதல் பாதி வேகமாக ஏறும், கடைசிக் கொஞ்சம் ஆமை வேகம். வோல்ட் உச்சத்தைத் தொட்டதும் சார்ஜர் ஆம்பியரைக் குறைத்துக் கொண்டே வரும். ஆர்வி400 லும் 75 சதவீதம் வரை 3 மணி நேரம், மீதி 25 சதவீதத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். எனவே நான் 5 மணி என்று எழுதினேன். இரவு வீட்டில் போட்டால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. பைக் பகல் முழுக்க ஆபீஸில் சும்மாதானே நிற்கிறது? அங்கே ஒரு பிளக் பாயின்ட் கிடைத்தால் ஒரு தடவைக்கு 40 கிலோமீட்டர்தான் ஓட வேண்டும். 40 ஐ 41 ஆல் பெருக்கினால் 1640 வாட் ஹவர். இதை நிரப்ப இரண்டரை முதல் மூன்று மணி நேரம். சில வருடங்களில் பேட்டரி தேய்ந்தால்? என் லேப்டாப்பின் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டி 48000 மில்லி வாட் ஹவர், நான்கு வருடம் கழித்து இப்போதைய ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 37000. பைக் பேட்டரி 80 சதவீதமாகக் குறைந்து, அதில் 10 சதவீதம் ஒதுக்கினாலும் 2070 இருக்கும். 1640 க்குத் தாராளம்.

சாதாரண 6 ஆம்பியர் பிளக் போதுமா என்றும் பார்த்தேன். சார்ஜர் வெளியே தருவது அதிகபட்சம் 840 வாட். சூடாக வீணாவதைச் சேர்த்தால் 930 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர். போதும்.

கணக்கை பிரிண்ட் எடுத்து, நான்கு வரிக் கடிதத்துடன் தம்பி மேனேஜரிடம் கொடுத்தான். அவர் கேட்ட ஒரே கேள்வி, "கரண்ட் பில் எவ்வளவு வரும்?" நாளைக்கு 1.8 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 18 ரூபாய் என்று ஷீட்டில் கடைசி வரியாக ஏற்கெனவே போட்டு வைத்திருந்தோம். சைக்கிள் ஸ்டாண்டில் வாட்ச்மேன் ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு பாயின்ட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அது வந்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் புக்கிங் பணம் கட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.